முப்பதாம் தேதிக்குள்

நவம்பர் 4

மறுபடியும் ஈரம். ராத்திரி எங்கள் பழைய அம்பாசடர் காருக்கு அடியில் விரித்த அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு. ரேடியேட்டருக்கு நேர் கீழே இல்லை, கொஞ்சம் பின்னால். ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். ஆடுகிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் நறநறவென்று மணல் அரைபடுகிற சத்தம்.

நவம்பர் 5

மெக்கானிக் அண்ணாச்சி வந்து பார்த்தார். இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்தான். பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் விரலை வைத்துக் காட்டினார். "இது உடைசல் இல்லம்மா, வேணும்னே வச்சது. சீல் தேஞ்சா தண்ணி பேரிங்குக்குப் போகாம இது வழியா வெளிய வந்துரும். இது சொட்டுதுன்னா உள்ள சீல் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

மாமா மறுபடியும் போன் செய்தார், முப்பதாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்து கோயம்புத்தூர் வரும்போது காரை லாரியில் ஏற்றிவிடு என்று. மாட்டேன். பாளையங்கோட்டையிலிருந்து கோயம்புத்தூர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஓட்டித்தான் போவேன்.

நவம்பர் 7

கழற்ற ஆரம்பித்தோம். ரேடியேட்டர் தண்ணீர் இறங்கிவிட்டது. இன்ஜின் பிளாக்கில் இருக்கும் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்திய பிறகு செங்கல் நிறத்தில் சேறாக வந்தது. அப்புறம் ஹோஸ், ரேடியேட்டர், ஃபேன், புல்லி. பம்பைப் பிடித்திருப்பது நாலே போல்ட். மூன்று வந்துவிட்டன.

நவம்பர் 8

நாலாவது அசையவில்லை. மழை.

நவம்பர் 9

ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறிய போல்ட்டை அண்ணாச்சி சூடு காட்டி, இறுக்குகிற பக்கம் கொஞ்சம், அவிழ்க்கிற பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருப்பினார். உடையவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன் என்பது அது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

பம்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே சுழலும் இரும்பு இதழ்கள் எலி கடித்த மாதிரி. இருபது வருஷமாகத் துருவைத் தடுக்கும் கூலன்ட் இல்லை, வெறும் போர் தண்ணீர். அப்பாதான் ஊற்றினார். தினம் காலையில் துணி நனைத்து அந்தக் காரைத் துடைத்தவர். பெல்ட் கீச்சிட்டால் போதும், டைனமோவைத் தள்ளி இன்னும் இறுக்கி வைப்பார். பெல்ட் அளவுக்கு மீறி இறுகினால் பம்ப் பேரிங்தான் சாகும் என்று அண்ணாச்சி இப்போது சொல்கிறார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சொன்னாராம்.

நவம்பர் 12

சென்னையிலிருந்து பார்சல் வந்தது. தப்பான பம்ப்! 1800 இசுசு இன்ஜினுக்கானது. எங்களுடையது 1978 மார்க் 3, பழைய 1489 சிசி, பெட்ரோல். மூன்று தடவை போனில் சொல்லியிருந்தேன். 2014-லேயே வண்டி தயாரிப்பு நின்றுவிட்டது, கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். பொருந்தாததை வாங்கி என்ன செய்ய?

இன்னும் பதினெட்டு நாள்.

நவம்பர் 13

அம்மா பரணைக் காலி செய்கிறாள். யாரோடும் பேசவில்லை.

நவம்பர் 15

பழைய பம்பின் பாடியையே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவது என்று முடிவு. டவுனில் ஒரு கடையில் ரிப்பேர் கிட் கிடைத்தது: ஷாஃப்டும் பேரிங்கும் ஒரே உருப்படியாக, கார்பன் சீல், தண்ணீரைத் தள்ளும் இதழ்களான புது இம்பெல்லர். எனக்கு இதுதான் நிம்மதி. இரும்பு வார்ப்பு எங்கேயும் விரிசல் விடவில்லை, எதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டும்?

லேத் பட்டறையில் நெஞ்சு நின்றுவிட்டது. அங்கிருந்த பையன் ஷாஃப்டைத் தட்டச் சுத்தியலை எடுத்துவிட்டான். அண்ணாச்சி பாய்ந்து தடுத்தார். பாடியின் மேல் துளையில் பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. அதை உருவாமல் அடித்திருந்தால் பாடியே போயிருக்கும். சீல் உட்காரும் முகத்தை லேசாகச் சீவி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார்கள்.

நவம்பர் 17

பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கசியாமல் வைக்கிற பேப்பர் பேக்கிங்கை நானே வெட்டினேன். பேப்பரைப் பம்பின் வாய் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டினால் அச்சு அப்படியே வெட்டுப்படுகிறது. அப்பா செய்து பார்த்திருக்கிறேன். மூன்றாவதுதான் சரியாக வந்தது.

நவம்பர் 18

மாட்டியாயிற்று. பெல்ட்டின் நீளமான பக்கம் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். இறங்குகிறது. கூலன்ட் ஊற்றினோம். இருபது நிமிஷம் ஓடவிட்டோம். நறநறப்பு இல்லை.

நவம்பர் 19

அட்டையில் ஒரு சொட்டு.

ஒன்றுதான். புது கார்பன் சீல் படிவதற்குக் கொஞ்சம் ஓட வேண்டும், பயப்படாதே என்கிறார் அண்ணாச்சி. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு ஷெட்டுக்குப் போனேன். அம்மாவும் விழித்துத்தான் இருந்தாள். கேட்கவில்லை.

நவம்பர் 20

இல்லை.

நவம்பர் 21

கயத்தாறு வரை போய்த் திரும்பினேன். கிளம்பும்போது அம்மா தானாக வந்து பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தாள், எப்போதும் உட்காரும் இடம். கயத்தாறில் நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். பம்பைச் சுற்றிக் காய்ந்துதான் இருந்தது. டீ வாங்கி வந்து கொடுத்தேன். "சத்தம் மாறியிருக்கு" என்றாள். நல்லதாகவா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

புது அட்டை விரித்திருக்கிறேன்.