நோகாமல் கீறியவன்

எங்கள் விலங்கியல் ஆசிரியர் காலமாகிவிட்டார் என்ற செய்தி, சென்ற மார்கழியில், இலண்டனில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் ஒரு நோயாளியின் தோல் துணுக்கைச் சீவிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசிக்கு வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் படிக்கப் போனால், பனிக்கட்டியில் குளிரவைத்த மெழுகுக்கட்டி இளகிச் சீவல் கசங்கிவிடும் என்பதால், கட்டியை முடித்த பிறகுதான் படித்தேன். வெட்டத் தொடங்கினால் நடுவில் நிமிரக் கூடாது என்று பழக்கியவரே அவர்தான்; ஆகையால் பிழையாக எடுத்திருக்கமாட்டார்.

1979 ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பில் எங்கள் முதல் வெட்டுப் பயிற்சி. பஸ் பிந்தியதால் நான் ஆய்வுகூடத்துப் பின்வாசல் வழியாகக் கால்மணி நேரம் தாமதித்து நுழைந்தேன். ஒவ்வொருவர் முன்னும் மெழுகுத் தட்டில் ஒரு தேரை, நான்கு கால்களிலும் குண்டூசி குத்தப்பட்டு, மல்லாந்து கிடந்தது. "தம்பி, இரும். முதலில் தோலைக் கீறும்" என்றார் ஆசிரியர். அதுவரை அந்த மேசைகளில் நாங்கள் செய்ததெல்லாம் படம் கீறியதுதான். ஆகவே பென்சிலைத் தீட்டிக்கொண்டு, அந்தத் தேரையின் வயிற்றுத் தோலை, அதன் ஒவ்வொரு பருவுக்கும் தனித்தனியே புள்ளி வைத்து, இருபது நிமிடம் கீறினேன். நிழலடிக்கக் கூடாது, புள்ளிதான் வைக்கவேண்டும் என்ற அவருடைய கட்டளையைக்கூட நான் மீறவில்லை.

பின்னால் வந்து நின்றவர் தாளைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். "இங்கே பாருங்கோ, பிள்ளையள். இவர் தேரைக்கு நோகாமல் சத்திரசிகிச்சை செய்து முடித்திருக்கிறார்." பின்வாங்கில் இருந்தவர்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு 'நோகாமல்' என்று பெயர். பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனத்தில் இன்றும் அப்படிக் கூப்பிடுகிற இரண்டு பேர் உண்டு, இதை வாசிக்கும்போதும் சிரிப்பார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் என் கையில் இடுக்கியைத் தந்து, அதன்மேல் தன் கையையும் வைத்து, தோலைக் கூடாரம்போலத் தூக்கினார். தேரையின் தோல் உடம்போடு முழுக்க ஒட்டியிருப்பதில்லை. அங்கங்கே மட்டும் தையல் போட்ட சட்டையைப்போல, இடையிலே நிணநீர் வெளிகளோடு தளர்ந்து கிடக்கும். தூக்கிப் பிடித்துக் கீறினால் தட்டு சுத்தமாக இருக்கும். அழுத்திக் கீறினால், கீழே வயிற்றுச் சுவரின் நடுக்கோட்டில் ஓடும் நாளம் அறுந்து எல்லாம் சிவந்துவிடும். என்னுடைய தட்டு அன்று சிவக்கவில்லை. அதை அவர் வகுப்புக்குச் சொல்லவில்லை என்ற மனத்தாங்கல் எனக்கு நெடுங்காலம் இருந்தது.

அடுத்த பாடத்தில் அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. என்னை அவமானப்படுத்தியதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, வெட்டு என்ற ஒன்றைப் பற்றியே நாற்பது நிமிடம் பேசினார். உடற்கூற்றியலைக் குறிக்கும் அனாட்டமி என்ற சொல்லுக்குள் இருக்கும் 'தொமே' கிரேக்க மொழியில் வெட்டு. அணுவைக் குறிக்கும் 'அற்றம்' (atom) என்றால் வெட்டமுடியாதது. தோலைக் குறிக்கும் 'தெர்மா' உரித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. எங்களுக்கும் தொலி என்றால் தோல், தொலித்தல் என்றால் உரித்தல். சத்திரசிகிச்சையில் உள்ள சத்திரம் கத்தியே அன்றி வழிப்போக்கர் தங்கும் மடம் அல்ல என்று அவர் சொன்னபோது, அவசரமாகக் குறிப்பைத் திருத்தியவர்களில் நானும் ஒருவன். பிறகு, 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீனுக்குப் போனார். அவர் தமிழில் தந்த நூல்கள்: 1867இல் சத்திரசிகிச்சை பற்றிய 'இரணவைத்தியம்', 1872இல் உடற்கூற்றியல் பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்'. கிரேக்கர் உடம்பை அறுத்து அறிந்த அறிவுக்கு அறுப்பென்றே பெயர் வைக்க, இங்கே அதற்கு, தலைமுடி தொடங்கிப் பாதம்வரை வருணித்துக் கேசாதிபாதம் பாடுகிற புலவனின் சாயலில் பெயர் கிடைத்திருக்கிறது என்பது எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது. அப்போது நாங்கள் குறைப்பட்டதெல்லாம், இது ஒன்றும் பரீட்சைக்கு வராது என்றுதான்.

1984இல் நான் புறப்பட்டேன்; காரணத்தை இந்த மலரின் வாசகர்களுக்கு எழுதத் தேவையில்லை. மருத்துவனாகவில்லை, மருத்துவர்கள் வெட்டி அனுப்புவதை மேலும் வெட்டுகிறவன் ஆனேன். தோல் துணுக்கை மெழுகில் விளிம்பில் நிறுத்திப் பதிக்கவேண்டும். படுத்துவிட்டால், மேலிருந்து கொழுப்பு வரையுள்ள அடுக்குகள் ஒரே சீவலில் தெரியா. சீவல் ஒன்றின் தடிப்பு 4 மைக்கிரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றருக்குள் 250. அவை நாடாவாக வந்து வெந்நீரில் மிதந்து, சுருக்கம் நீங்கி விரியும்போது கண்ணாடித் தகட்டால் ஏந்தி எடுக்கவேண்டும்.

அங்கேதான் வியன்னாவின் உடற்கூற்றியலாளர் கார்ல் லாங்கரைப் பற்றி அறிந்தேன். 1861இல் அவர் சடலங்களின் தோலில் உருண்டை முனைக் கருவியால் குத்தியபோது, துளைகள் வட்டமாக நில்லாமல் நீண்ட பிளவுகளாகத் திறந்தன. அவற்றைத் தொடுத்துப் பார்த்தபோது உடம்பெங்கும் கோடுகள் ஓடின. அக்கோடுகளின் போக்கிலே வெட்டினால் தழும்பு மெலிதாக ஆறும் என்பதால், சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் மைப்பேனாவால் தோலிலே கீறிக்கொண்டு, பின்னர் கத்தியால் கீறுகிறார். நான் 1979இல் செய்தது பாதி சரி என்று ஆசிரியருக்கு எழுத நினைத்தேன். நினைத்தபடியே வருடங்கள் போயின.

போரால் மூடியிருந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி 2002இல் திறந்தது. மறுவருடம் ஊருக்குப் போய் அவரைப் பார்த்தேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தவர், தேநீர் வருமுன்பே என்ன வேலை என்று கேட்டார். "ஸ்கின் பயொப்சி செக்‌ஷன் கட்டிங், சேர்" என்றேன். "தமிழிலே?" என்றார். வெட்டுமுகம் என்ற சொல், அவரே ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதிய சொல், எனக்கு வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு பழைய வினாத்தாள் ஒன்றைப் புரட்டி, பென்சிலோடு நீட்டினார். "சரி, சொல்ல வராவிட்டால் கீறிக் காட்டும்."

நிழலடிக்காமல், புள்ளி வைத்தே கீறினேன். பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் நடுங்கும் கையால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதினார்: மேற்றோல், உட்டோல், நெய்ச்சுரப்பி, வியர்வைச் சுரப்பி. எழுதி முடித்ததும் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குத் தாருங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. லாங்கரின் கோடுகளைப் பற்றி அவருக்குச் சொல்லவேண்டும் என்று வந்தது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.