அறையைக் காலி செய்கிறேன்

மே 5
கத்தரி நேற்றே தொடங்கிவிட்டது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் மறைந்த நாள் இன்று. 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ், விலையும் ஒரு பைசா. முதல் வகுப்பை எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன். இனி முதல் வகுப்பு கிடையாது.

மே 6
கண்ணகி நகர் அக்கா போன். சென்னைக் குடிசைகளிலிருந்து அகற்றியவர்களைக் குடியமர்த்திய இடம். "டீச்சர், அந்த கேசட்டு இருக்குதா? அவரு பேசினது." இருக்கிறது என்றேன், பார்க்காமலே.

மே 8
பிஸ்கட் டின்னில் 31 பேட்டி கேசட். அவர் பேசிய 14-ஐக் காணோம்.

மே 9
பழைய விடைத்தாள் கட்டுக்குள் கிடந்தது. மேலே என் கையெழுத்து: 'க.நகர், 2001, ஆண், மீன்பாடி வண்டி'. பெயர் இல்லை. ஆய்வேட்டைப் புரட்டினேன். அங்கே 'தகவலாளர் 14'. பெயரை மறைப்பது நெறி என்று எத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்! நெறிதான். சொந்த நோட்டில்கூடவா எழுதிவைக்க மாட்டேன்? அக்காவிடம் கேட்கலாம். ஆனால் அவர் வாயில் 'அவரு' தவிர வேறு வராது.

மே 10
பென்ஷன் கோப்பில் ஒரு கையெழுத்து குறைகிறதாம்.

மே 13
ரிச்சி தெரு. கடைக்காரர் நாடாவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்: ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை, அழுத்துகிற பஞ்சுத் துண்டும் உதிர்ந்திருந்தது. "ஒரு தடவ ஓடும் மேடம். அப்பவே ஏத்திக்கணும்."

ஓடியது. முதலில் நான். வாழ்வாதாரம், இடப்பெயர்வு, பங்கேற்பு என்று நீட்டி முழக்கி ஒரு கேள்வி. அவர்: "கண்ணகி நகர்னு அட்ரஸ் சொன்னா வேல இல்லன்றாங்கம்மா." மறுபடியும் நான். பெயர் கேட்டேனா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

மே 14
2010-க்குப் பிறகு ஆசிரியர் பதவி உயர்வில் கட்டுரைக்குப் புள்ளி, கருத்தரங்குக்குப் புள்ளி. அந்த ஜனங்களோடு உட்கார்ந்து தண்ணீர்ப் பிரச்சினைக்குப் போட்ட துண்டறிக்கைக்குப் பூஜ்யம். அன்றைக்கு வந்த கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் கட்டுரை எழுதுவதை நான் நிறுத்தினேனா? அதுவும் இல்லை.

மே 15
2021-இல் கண்ணகி நகரைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்துக்கே பெயர் மாறிவிட்டது, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஆட்டோக்காரர் இன்னும் "ஹவுசிங் போர்டு தானே?" என்கிறார். பெயர், பெயர். 14.

மே 16
ஏற்றிய பேச்சை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக். பதில் இல்லை.

மே 17
இன்னும் இல்லை.

மே 18
அக்கா கூப்பிட்டார். அழவில்லை. "நீங்க ரொம்ப பேசுறீங்க டீச்சர். அவரு பேசுறத மட்டும் வெட்டித் தர முடியுமா?"

பழைய மாணவன் ஒருவன் நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறான், லேப்டாப்போடு.