உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது

30-ஆ 100-ஆ என்பதில் தொடங்கிய பேச்சு அது. படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகும் கேரவன். ஒவ்வொரு லைனுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிபி பெட்டியை மாற்றித் தர வேண்டும். மொத்த வண்டிக்கும் ஒரே ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் வழிதவறிக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி; அதன் கசிவு அளவு 30 மில்லி ஆம்பியர். அது அடிக்கடி டிரிப் ஆகி விழுகிறது, நடிகர் உள்ளே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தயாரிப்பு நிர்வாகி கத்துகிறார், அடுத்த படத்துக்கு வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். வண்டி முதலாளியின் கவலை இவ்வளவுதான். "100 போட்டுவிடுங்கள் தம்பி" என்றார்.

அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 30 என்று அச்சிட்ட கருவி சரியாக 30-ல்தான் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதியைத் தாண்டினாலே, அதாவது 15-க்கு மேல், அது எங்கே வேண்டுமானாலும் விழலாம். இன்வெர்ட்டர் ஏசி இரண்டு, கீசர், ஒப்பனைக் கண்ணாடி விளக்குகள், டிவி, கைக்கு ஒன்றாகச் சார்ஜர்கள். பழுது எதுவும் இல்லாதபோதே ஒவ்வொன்றும் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். எல்லாக் கசிவையும் ஒரே கருவியின் தலையில் கட்டினால் அது விழத்தான் செய்யும்.

அதனால் நான் சொன்னது வேறு. ஒவ்வொரு லைனுக்கும் தனி ஆர்சிபிஓ, கசிவுக்கும் ஷார்ட்டுக்கும் சேர்த்துத் துண்டிக்கும் கருவி, எல்லாமே 30. கீசரில் கசிவு வந்தால் கீசர் மட்டும் நிற்கும், ஏசி ஓடும். எல்லாம் டபுள் போல், இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டுபவை. வண்டிக்கு மின்சாரம் எடுக்கும் படப்பிடிப்பு வீடுகளில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சாதாரணம், ஒரு கம்பியை மட்டும் வெட்டும் கருவியை அங்கே நம்ப முடியாது. 'ஏ' வகைதான் வேண்டும் என்றேன். "ஏசிக்கு ஏசி வகைதானே போட வேண்டும்?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அந்த 'ஏசி' குளிர்சாதனம் இல்லை, மாறுதிசை மின்சாரம். இன்வெர்ட்டர் ஏசியின் மின்னணுப் பலகையில் பழுது வந்தால் கசிவு துடிப்பு துடிப்பாக ஒரே திசையில் போகலாம், அதை 'ஏசி' வகை கவனிக்காமல் விட்டுவிடக்கூடும் என்று விளக்கினேன். அதை ஏற்றுக்கொண்டார். விலைப் பட்டியலை ஏற்றுக்கொள்ளவில்லை. பேனாவை எடுத்து ஏசிகளுக்கு எதிரே இருந்த இரண்டு ஆர்சிபிஓவையும் அடித்தார்.

பேரம் முடிந்தபோது கீசர், பிளக்குகள், விளக்குகள் மூன்றுக்கும் 30. இரண்டு ஏசிக்கும் சேர்த்து ஒரு 100. கையெழுத்துப் போடுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்து, "உள்ளே இருக்கிறவருக்கு ஒன்றும் ஆகாதே?" என்றார். "ஆகாது சார்" என்றேன்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன் என்று தெரியாது. ஏசியில் பழுதாகி வண்டியின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறினாலும், உள்ளே இருப்பவரின் காலடித் தரை, கைப்பிடி, கதவு எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். வித்தியாசம் இல்லாத இடத்தில் ஷாக் இல்லை. ஆனால் ஒரு கால் ஈர மண்ணிலும் ஒரு கை கதவுக் கம்பியிலுமாக ஏறுகிறவர் இருக்கிறாரே, அவர் கதை வேறு. டீ கொண்டுவரும் புரொடக்‌ஷன் பையன், ஒப்பனை உதவியாளர், உடைகளைத் தூக்கி வருகிறவர். சக்கரத்துக்கு ரப்பர். வீட்டு பிளக்கின் மூன்றாவது துளையில் எர்த் செத்திருந்தால், வண்டிக்கு மண்ணோடு இருக்கும் ஒரே தொடர்பு அந்தப் பையன்தான். அவன் உடம்பு வழியாக 40 மில்லி ஆம்பியர் போனால் 30 விழும். 100 விழாது, 50 வரைக்கும் அது அசையவே தேவையில்லை. 40 என்பது நீடித்தால் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய அளவு.

அவர் கேட்டது உள்ளே இருப்பவரைப் பற்றி. நான் சொன்னதும் அவரைப் பற்றித்தான்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. நான் மறுத்திருந்தால் வெறும் எம்சிபியை மாட்டிக் கொடுக்க வளசரவாக்கத்தில் ஆள் இல்லாமலா போகும்? எம்சிபிக்கு ஆள் உயிர் தெரியாது; கம்பி சூடாவதும் ஷார்ட்டாவதும் மட்டுமே தெரியும். தவிர, வண்டியோடு எர்த் ராடு கொடுத்தேன்; அதை மண்ணில் அடித்து இறக்கினால் பழுதுக் கசிவு பெரும்பாலும் அந்த வழியாகவே போய் 100-ஐயும் விழச் செய்துவிடும். ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் உடலோடு இணைத்தேன். அது இல்லாவிட்டால் ஜெனரேட்டரில் ஓடும்போது கசிவு திரும்பி வர வழியில்லை, ஆர்சிசிபி பெட்டிக்குள் கொலு பொம்மையாக இருக்கும். கேரவன்களுக்கென்றே எழுதிய சர்வதேச விதி, ஐஇசி 60364-இன் 721-ஆம் பகுதி, 30 என்கிறது, தெரியும். அது சுற்றுலாப் போகும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியது என்றும் வாதாடிப் பார்த்திருக்கிறேன். மின்சாரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதால் அந்த வாதம் நிற்கவில்லை.

ராடு விஷயத்திலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களில் பாதி முற்றம் டைல்ஸ். டிரைவர் எங்கே அடிப்பார்? ஒருமுறை அவர் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டி, "பாருங்கண்ணே, ராடு இல்லாமலே வேலை செய்கிறது" என்றார். அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லை. உள்ளேயே ஒரு சின்ன மின்தடை வழியாகக் கசிவை நடித்துக் காட்டி கருவியை விழ வைக்கிறது. இதைச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் அவர் கண்ணால் பார்த்தது என் விளக்கத்தைவிடப் பலமானது.

அதே முதலாளி பிறகு இரண்டாவது வண்டி வாங்கினார். இந்த முறை பட்டியலைப் பிரித்து எழுதாமல் மொத்தத் தொகை ஒன்றை மட்டும் எழுதினேன். எல்லா லைனுக்கும் 30, ஏசிக்கும்தான். மொத்தத்தில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், குறைத்தேன், முடிந்தது. எத்தனை மில்லி ஆம்பியர் என்று கேட்கவே இல்லை. அப்படியானால் முதல் வண்டியில் அவர் பிடிவாதமாக இருந்தாரா, அல்லது அடிப்பதற்கு ஒரு வரியை நானே அவர் பேனாவுக்கு நேராக நீட்டினேனா? வாங்குகிறவரிடம் விவரம் சொல்லாமல் மறைப்பது நேர்மையா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. சொல்லித்தான் 100 வந்தது என்பதும் வருகிறது.

பழைய வண்டி இன்னும் வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த 100-ஐ என் செலவிலேயே மாற்றிவிடலாம், அரை நாள் வேலைகூட இல்லை. மாற்றினால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால், அன்று "ஆகாது சார்" என்றது எதற்கு என்று கேட்பார். அடுத்த சர்வீசுக்கு வண்டி வரட்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன்.