மைனஸ் ஆறரையும் எங்கள் ஊர் ஏரியும்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

இன்று என் கண்ணாடியை நானே மிதித்தேன். வேலூர் சத்துவாச்சாரிப் பக்கத்து நீச்சல் குளத்தில் செருப்புக்குள் கண்ணாடியை வைத்துவிட்டு இறங்குவதுதான் வழக்கம். முக்கால் மணி நேரம் கழித்துக் கரையேறினால் எல்லாச் செருப்பும் பழுப்புத் திட்டாகத் தெரிகிறது. தடவிக்கொண்டே போய்க் கடைசியில் வலது காலால்தான் கண்டுபிடித்தேன். ஒரு பக்கக் கம்பி போச்சு.

எனக்குக் கிட்டப்பார்வை. வலது கண் பவர் மைனஸ் 6.50, சிலிண்டர் (கருவிழி ஒரே சீராக வளையாததற்குச் சேர்க்கும் பவர்) 1.00. இடது 5.50, சிலிண்டர் 0.50. கண்ணாடியைக் கழற்றினால் எனக்குத் தெளிவாக இருக்கும் உலகம் மூக்கிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. இந்த லட்சணத்தில் ஜனவரி கடைசியில் டிரையத்லான். போட்டி என்றால் எங்கள் சைக்கிள் செட்டு ஐந்து பேர் நாங்களே வைத்துக்கொள்வது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். டிரையத்லானில் ஸ்பிரிண்ட் என்கிற குட்டி அளவு.

நவம்பர் 14, வெள்ளி

கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு நீந்தலாமா என்று கண் டாக்டரிடம் கேட்டேன். கேள்வி முடியும் முன்பே தலையை ஆட்டினார். அகந்தமீபா என்று ஓர் அமீபா. குழாய்த் தண்ணீர், கிணறு, ஏரி, குளம் எங்கும் இருக்கும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும், வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும், பார்வையே போகலாம். அது கூடு கட்டிக்கொண்டால் குளத்துக் குளோரினும் அதை ஒன்றும் செய்யாதாம். கண்ணாடியே வேண்டாமென்று செய்கிற லேசர் சிகிச்சையும் எனக்கு இல்லை, கருவிழி மெலிசு.

கிணற்றில் குதிப்பேன் என்று சொன்னதும் விடவில்லை. மைனஸ் ஆறைத் தாண்டினால் கண் நீண்டு விழித்திரையும் மெலிந்திருக்கும், ஓரத்தில் கிழிசல் இருக்கிறதா பார்த்துவிடலாம் என்று சொட்டு மருந்து விட்டார். கிழிசல் இல்லை. சாயங்காலம்வரை வெளிச்சமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. மனைவிதான் வண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

பவர் காகிள்ஸ், அதாவது பவர் போட்ட நீச்சல் கண்ணாடி, வந்துவிட்டது. இப்படி ஒரு பொருள் இருப்பதே இத்தனை வருஷம் தெரியாமல் இருந்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

இதில் சிலிண்டர் கிடையாது, வெறும் மைனஸ்தான், அதுவும் அரை அரையாகத்தான் ஏறும். சிலிண்டரில் பாதியை மைனஸோடு சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் எனக்கு வலது 7.00, இடது 5.75. நான் வாங்கியது 6.5, 5.5. கொஞ்சம் குறைத்ததற்குக் காரணம் உண்டு. மைனஸ் லென்ஸ் கண்ணுக்கு நெருங்க நெருங்க அதன் பலம் கூடும். அப்புறம் வயது நாற்பத்து மூன்று. முழுப் பவரையும் போட்டால் தூரத்துச் சுவர் தெரியும், கையிலிருக்கும் வாட்ச் தெரியாது.

முன்பக்கம் தட்டை, வளைவெல்லாம் உள்பக்கம். உள்ளே இருப்பது காற்றுதான் என்பதால் தண்ணீருக்கு மேலேயும் கீழேயும் ஒரே பவர். குளத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோட்டில் ஓடு ஓடாக இணைப்பு தெரிகிறது. யாரோ விட்டுப்போன ஹேர்பின்னும் தெரிகிறது. சில விஷயங்கள் தெரியாமலே இருந்திருக்கலாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

கணியம்பாடி தாண்டி எங்கள் ஊர். நான் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் கற்ற கிணறு, மழையில் முக்கால்வாசி நிரம்பிக் கிடக்கிறது. காகிள்ஸோடு மேலிருந்து குதித்தேன். குதித்த வேகத்தில் அது கழன்று போய்விட்டது.

பெரியப்பா வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாதாளக்கரண்டியோடு வந்தார். குடம் எடுக்கிற கரண்டியில் இது எங்கே மாட்டும்? அவர் பேரன்தான் மூன்று முறை முங்கி, தண்ணீருக்குள் இருந்த படிக்கட்டிலிருந்து எடுத்து வந்தான்.

"எப்புட்றா கண்ல பட்டுது?" என்று கேட்டேன்.

"உள்ள இன்னா தெரியும் சித்தப்பா? கையாலதான் தொழாவினேன்."

நியாயம்தான். கண்ணின் மொத்தப் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வளைவிலிருந்து வருகிறது. தண்ணீர் அதைத் தொட்டதும் அந்தப் பலம் ஏறக்குறைய முழுதும் போய்விடும். வெறுங்கண்ணோடு முங்கினால் எல்லோருக்கும் மங்கல்தான். சொல்லப்போனால் கிட்டப்பார்வைக்காரனுக்கு அந்த மங்கல் ஒரு சிட்டிகை குறைவு. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை!

இனி பட்டையைத் தொப்பிக்கு அடியில் விட வேண்டும். குதிக்கக் கூடாது.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பாரி, ஓரி, பேகன் என்று வளைவுக்கு வளைவு பெயர்ப்பலகை. ஏறும்போது வியர்வை சொட்டி லென்ஸில் விழுந்ததில் பாரியே தெரியவில்லை. இறங்கும்போது வேறு தொல்லை. சைக்கிளில் குனிந்து ஓட்டினால் பார்வை கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிப் போகிறது, அங்கே லென்ஸ் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தே இறங்கினேன், செட்டு கேலி செய்தது. பவர் போட்ட வளைந்த கூலிங் கிளாஸ் கேட்டுப் பார்த்தேன். இவ்வளவு மைனஸுக்கு ஓரமெல்லாம் வளைந்து தெரியும் என்று கடைக்காரரே வேண்டாம் என்றார். பெரிய பிரேம், பின்னால் ஒரு கயிறு. பார்க்கப் பழைய கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கிறேன். போகட்டும்.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

ஏரி நிரம்பி வழிந்து கோடி போய்க்கொண்டிருக்கிறது. மதகுப் பக்கம் தண்ணீர் இழுக்கும், அங்கே போகக் கூடாது என்று பெரியப்பா உத்தரவு. இடுப்பில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனையும் கட்டிவிட்டார்.

குளத்தில் கீழே கோடு இருக்கிறது. ஏரியில் என்ன இருக்கிறது? கலங்கிய பச்சை, அவ்வளவுதான். ஆறேழு கைக்கு ஒருமுறை முதலை மாதிரிக் கண்ணை மட்டும் தூக்கிக் குறி பார்க்க வேண்டும். எதிர்க்கரையில் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியைக் குறியாக வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் போனேன். கரை தொட்டு நிமிர்ந்தால் துணி துவைக்கிற கல். நாலைந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பெரியப்பா டீக்கடைப் பக்கம் நடந்துபோயிருக்கிறார், நானும் பின்னாலேயே போயிருக்கிறேன்.

அந்த நேரத்தில் பவர் ஒரு பொருட்டே இல்லை. சரியான கண் இருந்தாலும் அலைக்கு நடுவில் ஒரு நொடிதான் கிடைக்கும், அதில் தெரிவது ஒரு திட்டு. அந்தத் திட்டு நகராமல் இருக்க வேண்டும். அம்மாவின் பழைய மஞ்சள் புடவையை மூங்கிலில் கட்டி நடச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

காலை ஆறே முக்கால். போகும்போது சூரியன் நேர் எதிரே. புடவை தெரியவில்லை, அதன் பின்னால் இருந்த மலைச் சரிவுதான் காப்பாற்றியது. திரும்பும்போது நிம்மதி. இரண்டு சுற்று, கேன் சமேதமாக. ஐந்தில் நான்காவதாகக் கரையேறினேன்.

காகிள்ஸைக் கழற்றாமலே சைக்கிள்வரை ஓடினேன். ஹெல்மெட்டைக் கவிழ்த்து, அதற்குள் கம்பிகளை விரித்துக் கண்ணாடி. காகிள்ஸ் கீழே, கண்ணாடி மேலே, ஹெல்மெட், வார் மாட்டினேன், அதன் பிறகுதான் சைக்கிளைத் தொட்டேன். நிஜப் போட்டியிலும் விதி அதுதான். உடம்புச் சூட்டில் லென்ஸ் ஆவி பிடித்தது, நூறு மீட்டரில் காற்று துடைத்துவிட்டது. சைக்கிளில் ஒருவரைப் பிடித்தேன், ஓட்டத்தில் இரண்டு பேர் என்னைப் பிடித்தார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முடித்துவிட்டு ஏரிக்கரைக்கு நடந்து வந்தால் பெரியப்பாவின் பேரன் என் காகிள்ஸை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சைக்கிள்களுக்கு நடுவில் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தான்.

"இன்னா சித்தப்பா, இதுல ஒண்ணுமே தெரில. இத்தப் போட்டுனா நீஞ்சின?"