படம் எப்போதான் வரும்?

சேலத்தில் ஒரு சின்ன ஆவணப்படக் கம்பெனியில் எடிட்டராக இருக்கிறேன். எடிட்டர் என்பது பேருக்குத்தான். நாலு பேர் மட்டும் இருக்கிற இடத்தில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதிலிருந்து பேட்டரி சார்ஜ் போடுவது வரை எல்லா வேலையும் எல்லாருக்கும் உண்டு, அதில் என் தலையில் விழுந்தது செய்திக் கடிதம். எங்கள் படத்துக்கு ஐநூறு, ஆயிரம் என்று பணம் போட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இதுவரை என்ன நடந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். படத்தை வெட்டி ஒட்டுவதை விட இதுதான் கஷ்டம். பாதி நேரம் வெளியில் சொல்கிற மாதிரி ஒன்றும் நடந்திருக்காது, நடந்ததை வெளியில் சொல்ல முடியாது.

இப்போது எடுத்துக்கொண்டிருப்பது ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய படம். காபிக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மூன்று நாலு நாளில் வாடியும் விடும். அப்புறம் காய் பழுக்க எட்டு, ஒன்பது மாதம். நவம்பர் வாக்கில் பறிக்க ஆரம்பித்தால் பொங்கல் தாண்டியும் போகும். அந்தப் பூவைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். ஒரு வருஷம் மழை வந்தபோது நாங்கள் ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். சிமெண்டுக் களத்தில் காய்கிற ஜவ்வரிசி மேல் உச்சி வெயில் விழுந்தால் கேமராவில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது, அதனால் விடிந்ததும் எடுக்க வேண்டும், அப்படியே இழுத்துக்கொண்டு போனது. பாதியில் விட்டு ஓட முடியுமா? ஆலைக்காரர் கொடுக்கிற பணத்தில்தான் மலை ஏறப் பெட்ரோல் போடுகிறோம். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோவும் எடுப்போம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முழுநேர ஆவணப்படக்காரர் என்று சொல்லிக்கொள்கிற பலர் வீட்டில் வேறு யாரோ சம்பளம் வாங்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த வருஷம் மறுபடி பூவுக்குப் போய் நின்றபோது, தோட்டத்தில் ஒரு பாட்டி, "ஏங்கண்ணு, போன வருசமும் இதே செடியத்தானே புடிக்க வந்தீங்க, இன்னுமா முடியல?" என்றார்.

ஊருக்குள்ளும் இதே கேள்விதான், ஆனால் அளவுகோல் வேறு. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. 1930களில் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்த ஸ்டூடியோ, நூறு படத்துக்கு மேல் எடுத்தது, மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' கூட 1938இல் இவர்கள் தயாரிப்பாகத்தான் வந்தது. சேலத்துப் பெரியவர்களிடம் சினிமா வேலை என்று சொன்னால் அந்தக் கணக்கில்தான் நம்மை நிறுத்திப் பார்ப்பார்கள். "சுந்தரம் முதலாளி வருசத்துக்கு ரெண்டு மூணு படம் எடுத்தாரு, நீங்க வருசக் கணக்கா ஒண்ணையே எடுக்கறீங்களேம்மா?" அவருக்கு வேண்டும் என்றால் செட்டுக்குள்ளேயே மழை பெய்யும், எங்களுக்கு மேலேயிருந்துதான் வரணும். அதைச் சொன்னால் சிரிப்பார்கள், நம்ப மாட்டார்கள்.

சனி, ஞாயிறில் மலையில் ஒலிப்பதிவு கிடையாது. கொண்டை ஊசி வளைவு இருபதிலும் சுற்றுலா வண்டிகளின் ஹாரன் சத்தம், அது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

கடிதத்தில் நான் எழுதாமல் விட்டவற்றில் பெரியது சம்மதம் பற்றியது. ஒருவரைப் படம் எடுத்தால் அவரிடம் எழுதி வாங்க வேண்டும் என்பது தொழில் வழக்கம், வெளிநாட்டுச் சேனல்கள் அந்தக் காகிதம் இல்லாமல் படத்தைத் தொடவே மாட்டார்கள். ஆனால் மலையில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் முகம் மாறிவிடும். நிலம் போன கதை எல்லாம் ஒரு கையெழுத்தில்தானே ஆரம்பித்திருக்கிறது. அதனால் நாங்கள் முதலில் கேமராவை ஓடவிட்டு, எதற்கு எடுக்கிறோம், எங்கெல்லாம் காட்டுவோம் என்று தமிழில் விளக்கமாகச் சொல்லி, அவர் வாயால் சரி என்று சொல்வதைப் பதிவு செய்கிறோம். காகிதம் அதற்கப்புறம்தான். படம் முடிகிற வரைக்கும் எப்போது வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவோம் என்பதும் அதில் உண்டு.

இதைச் சொல்வது சுலபம். ஒரு அம்மா அரை மணி நேரம் பேசினார். ரஷ், அதாவது வெட்டாத காட்சிகளைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, படமே இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் நிற்கப்போகிறது என்று. நானும் அதை வைத்தே முதல் இருபது நிமிடத்தை வெட்டி முடித்திருந்தேன். அப்புறம் ஒருநாள் அவர் போன் செய்து, "வேண்டாம்மா, நாளைக்கு அங்கதான நான் வேலைக்குப் போவணும்" என்றார். எங்கள் டைரக்டர் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. டைம்லைனில் இருந்து நான்தான் அதை எடுத்தேன், ஹார்ட் டிஸ்க்கில் இருந்த நகல்களையும் அழித்தோம். அவர் என்ன பேசினார் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. அந்த மூன்று மாதத்தில் எங்கள் கம்பெனியில் நடந்த ஒரே பெரிய விஷயம் இதுதான். கடிதத்தில் 'எடிட்டிங் நடந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வரி போட்டேன்.

ஒருவர் பதில் போட்டார், வேறு கம்பெனிகளின் கடிதத்தில் எல்லாம் விருதாக வருகிறதே என்று. அவருக்குத் தெரியாதது, மாதாமாதம் விருது கொடுக்கிற விழாக்கள் இணையத்தில் இருக்கின்றன, டாலரில் நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும், இரண்டு பக்கமும் இலை போட்ட சின்னம் வந்துவிடும். 2023இல் முதுமலை யானைப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததிலிருந்து இந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடிப்போயிருக்கிறது. அது அவர்கள் வருஷக்கணக்காக அங்கேயே கிடந்து எடுத்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த கடிதத்தில் எழுத நிஜமாகவே ஒரு செய்தி இருக்கிறது. ரஃப் கட், அதாவது படத்தின் முதல் தொகுப்பு, தயார். பறிப்பு முடிந்ததும் தோட்டத்து ஆட்களுக்கே முதலில் மலையில் திரை கட்டிக் காட்டப்போகிறோம், அவர்கள் எடுக்கச் சொல்வதை எடுத்த பிறகுதான் சென்சார், விழா எல்லாம். இதைக் கேள்விப்பட்டு, பணம் போட்டது நாங்கள், அவர்களுக்கு ஏன் முதலில் என்று ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். நீங்களும் வாங்க, ஆனா அன்னைக்கு எதை வெட்டணும்னு சொல்ற உரிமை அவங்களுக்கு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறேன். டைரக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பணிவா எழுதேன்" என்கிறார். நான் மாற்றுவதாக இல்லை.