மூக்கு ஸ்ப்ரேயும் அந்த வளைஞ்ச குழாயும்

நான் ஓசூர்ல மூக்கு ஸ்ப்ரே ரொப்புற லைன்ல மெஷின் ஆபரேட்டர். கிருஷ்ணகிரில மா பூக்க ஆரம்பிச்சா எங்க தெருவுல பாதி பேர் மூக்கை உறிஞ்சிக்கிட்டு தான் திரிவாங்க, ஸ்ப்ரே பத்தி எல்லா டவுட்டும் என்கிட்ட தான் வரும். "மாங்கூழ் கம்பெனில டின்னுல ரொப்புறாங்களே, அதே தானேப்பா"ன்னு பெரியப்பா ஒருத்தர் கேட்டாரு.

ரொப்புறது ஈஸி தான் பெரியப்பா. பிஸ்டன் அளந்து விடும், நாசில் பாட்டில் அடி வரைக்கும் எறங்கி மருந்து ஏற ஏற தானும் மேல ஏறும். நிறைய ஸ்ப்ரேல பென்சல்கோனியம் குளோரைடுன்னு கெடாம இருக்க ஒண்ணு போடுறாங்க, அது சோப்பு ஜாதி, மேலேருந்து ஊத்துனா நுரைச்சிரும். புளூட்டிகசோன் மாதிரி அலர்ஜி மருந்துனா டேங்க்ல கலக்கிட்டே இருக்கணும், அது கரையாத தூள், விட்டா அடில படிஞ்சிரும், பாட்டிலுக்கு பாட்டில் மருந்து மாறிரும். குலுக்கிட்டு அடிங்கன்னு போட்டிருக்கறதும் அதுக்குத்தான்.

உசிரை வாங்குறது டிப் ட்யூப். பம்புக்கு கீழ தொங்குமே மெல்லிசா ஒரு குழாய், அது தான். பிளாஸ்டிக்கா, பைல அடைஞ்சு வர்றப்பவே வளைஞ்சிருக்கும். பவுல் பீடர் அதிர்ந்து அதிர்ந்து பம்பை ஒவ்வொண்ணா அனுப்ப, கிரிப்பர் ட்யூபை புடிச்சு நேராக்கி பாட்டில் வாய்க்குள்ள விடணும், ஊசில நூல் கோக்குற மாதிரி தான், ஆனா லைன் ஓடிக்கிட்டே இருக்கும். துளி விலகுனா ட்யூப் விளிம்புல மடங்கிக்கும். அது அப்படியே அடுத்த ஸ்டேஷனுக்கு போனா மேல கிரிம்ப் விழுந்துரும், அதாவது பம்பை பாட்டில் கழுத்தோட சேத்து இறுக்குற தகட்டு வளையம், அப்புறம் பாத்தா ஒண்ணும் தெரியாது, எடையும் கரெக்டா காட்டும். அதனால கிரிம்ப்புக்கு முன்னாடியே ஒரு சென்சார் பம்ப் எவ்ளோ உசரத்துல உக்காந்திருக்குன்னு பாத்து, தூக்கிட்டு நிக்கறத ரிஜெக்ட்ல தள்ளிரும். ஷிப்ட்ல பாதி நேரம் நான் நிக்கற எடம் அது தான்.

அப்புறம், புது பாட்டில ஒரு அமுக்கு அமுக்கிட்டு "காலி பாட்டில குடுத்துட்டான்"னு மெடிக்கல்ல சண்டைக்கு போகாதீங்கப்பா. பம்புக்குள்ள காத்து தான் இருக்கும், வெளிய காட்டி நாலஞ்சு தடவ, சிலதுல இன்னும் கூட, சீரா புகை மாதிரி வர வரைக்கும் அடிக்கணும், உள்ள வர்ற பேப்பர்ல எழுதியே இருக்கு (யார் படிக்கறா). ஒரு அடிக்கு பெரும்பாலும் 0.1 மில்லி தான். 120 அடி பாட்டிலுக்கு 12 மில்லி போதும்னு கணக்கு வரும், ஆனா முதல்ல வெளிய அடிக்கறது, அடில ட்யூப் எட்டாம தங்கறது எல்லாம் சேத்து கூடவே ரொப்புவோம். அதனால 120 முடிஞ்சும் உள்ள ஆடுதேன்னு அடிக்காதீங்க, அதுக்கு மேல ஒவ்வொரு அடியும் முழு அளவு வரும்னு சொல்ல முடியாது.

பர்கூர் பக்கம் ஒரு அண்ணன் கிரிம்ப்ப கட்டிங் ப்ளேயர்ல பிச்சு உப்புத்தண்ணி ரொப்பி அடிக்கறாராம். வேணாம்ணே, சலைன் ஸ்ப்ரே நான் வாங்கித் தர்றேன்.