அப்பாவின் தகரப் பெட்டியில் என் மார்க் ஷீட்

என் மார்க் ஷீட்டுகள் இருபத்திரண்டு வருடமாக அப்பாவின் தகரப் பெட்டியில் பட்டா, சிட்டா, சொசைட்டி கடன் ரசீதுகளோடு இருந்தன. நாலு செமஸ்டருக்கு நாலு. பி.எஸ்சி. கணிதம். எங்கள் ஊர் பாபநாசம் பக்கம்; படித்தது கும்பகோணத்தில். 2001-ல் சேர்ந்தேன்.

2002-ல் வழக்கமான ஜூன் 12-க்கு மேட்டூர் அணை திறக்கவில்லை. 2003-லும் திறக்கவில்லை. எங்களுக்கு ஐந்து மா நிலம், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு வருடமும் குறுவை நெல் இல்லை. மூன்றாம் வருடம் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம்.

இப்போது வீட்டுத் திண்ணையில் எட்டாம் வகுப்பு வரை டியூஷன் எடுக்கிறேன். 2024-ல் என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது கிரெடிட் பேங்க் கணக்கு தொடங்கச் சொன்னார்கள். 12 இலக்க எண். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. முடித்த பாடங்களுக்கான கிரெடிட், அதாவது பாடப் புள்ளிகள், அதில் சேரும். நடுவில் நின்றுவிட்டாலும் ஏழு வருடம் வரை அது செல்லும். வேறு கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போகலாம். மகள் போனில் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் அப்பா வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

என் மார்க் ஷீட்டில் கிரெடிட் என்ற சொல்லே கிடையாது. நூற்றுக்கு இத்தனை, பாஸ், அவ்வளவுதான். அல்லைடு, அதாவது துணைப்பாடமான இயற்பியலில் ஒரு அரியர் வேறு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மையத்தில் விசாரித்தேன். "பழையதெல்லாம் எதுக்கு மேடம், பணம் கட்டுங்க, ஒரே வருஷத்துல டிகிரி வாங்கித் தர்றோம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். நான் படித்ததைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்கப் போனவளிடம், படிக்கவே வேண்டாம் என்று சொன்னால் எப்படி?

அப்புறம் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கேட்டேன். முறையாகப் பதில் சொன்னார்கள். மார்க் மட்டும் போதாது, அந்த வருடத்துப் பாடத்திட்டம் வேண்டும்; எந்தத் தாளில் என்ன படித்தேன் என்று தங்கள் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார்கள். 2001-ம் வருடத்துப் பாடத்திட்டத்துக்கு எங்கே போவது? கூடப் படித்த தோழி ஒருத்தி திருவாரூர் பக்கம் பள்ளி ஆசிரியை. அவள் பரணில் அந்தப் புத்தகம் இருந்தது. பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்து, பழைய கல்லூரியில் முத்திரை வாங்கினேன். அதற்கு மட்டும் மூன்று முறை நடை. டி.சி.க்கும் மைக்ரேஷன் சான்றிதழுக்கும் தனியாக அலைந்தேன்.

என்னைப்போல் பாதியில் விட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொலைநிலைப் படிப்பு என்றால் அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்போது அதில் சேர டெப் ஐ.டி. என்று, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் ஓர் எண் வேண்டும். கிரெடிட் பேங்க் எண் இருந்தால்தான் அதை எடுக்க முடியும். பழைய தாள்களில் எதை ஏற்கிறார்கள் என்பதை ஃபீஸ் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

எனக்கு முதல் வருடம் முழுவதையும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் வருடத் தாள்களை, பாஸ் செய்ததையும் சேர்த்து, மறுபடி எழுத வேண்டும். முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடிதத்தில் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், வகை நுண்கணிதம் என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஏற்கப்பட்டது' என்று இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து காலை ஏழு மணிக்குப் படித்துக்கொண்டே போன அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு யாரோ பதில் எழுதியது போல இருந்தது. அழுதுவிட்டேன்.

காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கிறேன். தொகை நுண்கணிதத்தில் பகுதி பகுதியாகத் தொகையிடும் முறை மூளைக்கு மறந்துபோயிருந்தது. நாலைந்து கணக்கு போட்டதும் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது.

2025-ல் ஜூன் 12-க்கே மேட்டூர் திறந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று அப்பாவைப் பார்க்கப் போனேன். மடையில் நின்றுகொண்டிருந்தவர், "அன்னைக்கும் இப்படி வந்திருந்தா நீ முடிச்சிருப்பம்மா" என்றார். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடி இல்லை, நீயே படி என்றார். ஒவ்வொரு தாளாகப் படித்தேன். முடித்ததும், "இதோட ஒரு ஜெராக்ஸ் எனக்குக் கொடு, பெட்டில வைக்கணும்" என்றார்.